மேலூர்ப் பூங்காவில் ஓர் எருக்கஞ்செடி

மார்கழியில் ஸ்ரீரங்கம் என்றால் எங்கள் வீட்டில் பெருமாளைத் தவிர வேறு பேச்சே இருக்காது. இந்த முறை நான்கு வயது மகளுக்காக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. செல்போனிலும் படப் புத்தகத்திலும் மட்டுமே பார்த்திருந்த பட்டாம்பூச்சிகளை அவளுக்கு உயிரோடு, பக்கத்தில் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. உறையூரில் இருக்கும் அத்தையும், அதாவது என் மாமியாரும், உடன் வருவதாகச் சொல்லிவிட்டார்.

விடியற்காலையில் தரிசனத்தை முடித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். மேலூர் சாலையில் வாழைத் தோப்புகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்துகொண்டே இருந்தன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணை காப்புக்காட்டில் இருக்கிறது வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. ஏறத்தாழ 25 ஏக்கர். வனத்துறை பராமரிக்கும் இந்த இடம் 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அதுதான் சரியான நேரம். உடம்பில் சூடு ஏறினால்தான் பட்டாம்பூச்சியால் பறக்க முடியும். அதனால் காலையில் இலை மேல் இறக்கையை விரித்து வெயில் காயும். குழந்தை கிட்டே போய்ப் பார்க்க அந்த நேரத்தைப் போல வாய்ப்பு கிடைக்காது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் செடிகளும் தளதளவென்று இருக்கும், பூச்சிகளும் நிறைய இருக்கும். கோடையில் போய்விட்டு 'ஒன்றுமே இல்லை' என்று திரும்புகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான்.

வாசலைத் தாண்டியதும் பெரிய பெரிய பொம்மைகள், நீரூற்று எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நாங்கள் அவற்றைச் சீக்கிரம் கடந்து செடிகள் பக்கம் போய்விட்டோம். இட்லிப்பூவிலும் உன்னிப்பூவிலும் கூட்டம் கூட்டமாகத் தேன் குடித்துக்கொண்டிருந்தன. நானும் அத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மகள் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே விரல் நகம் அளவே உள்ள நீல நிறப் பட்டாம்பூச்சிகள் தரையை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தன. அவள் உயரத்துக்கு அதுதான் முதலில் தெரியும் உலகம்.

அப்புறம் பாதையோரமாக ஓர் எருக்கஞ்செடி. அதைத் தாண்டி அவள் நகரவே இல்லை.

"அம்மா, இலையைக் கடிக்குது பாரு!"

வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு அது. வெள்ளையும் கறுப்புமாக வளையம் வளையமாக, நடுநடுவே மஞ்சள் புள்ளிகளோடு, முதுகில் கறுப்பு இழைகள் மூன்று ஜோடி நீட்டிக்கொண்டு இருந்தது. இலையின் ஓரத்தைக் கால்களால் பிடித்துக்கொண்டு, தலையை மேலிருந்து கீழாக இறக்கி இறக்கி ஒரே சீராகத் தின்றது. கடித்த இடத்தில் பால் துளிர்த்தது. ஆடுமாடு ஒதுக்கும் அந்தச் செடியைத்தான் இது தேடி வந்து தின்கிறது. எருக்கம்பாலில் உள்ள நஞ்சு உடம்பில் சேர்ந்துவிடுவதால் பறவைகள் இதைத் தொடுவதில்லை. வளர்ந்து பட்டாம்பூச்சி ஆன பிறகும் அந்தக் காப்பு கூடவே இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் அது அவசரமே இல்லாமல் மிதந்து பறப்பதன் காரணம் இதுதான் என்று மகளிடம் சொன்னேன். "காக்கா கொத்தாதா?" என்று மட்டும் கேட்டாள். கொத்தாது என்றதும் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதே செடியில், இலையின் அடிப்புறத்தில், இளம்பச்சையில் ஒரு கூட்டுப்புழு தொங்கியது. அதன் மேல் பொன் புள்ளிகள் வரிசையாக மின்னின. "அப்பத்தா, உன் ஜிமிக்கி!" என்று கத்தினாள். அத்தை முட்டி வலியையும் மறந்து குனிந்து பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கறுப்பு இறக்கையில் வெள்ளையும் சிவப்பும் கொண்ட இரண்டு பட்டாம்பூச்சிகளைப் பார்த்தோம். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்று ரோஜா அழகி, ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று வளர்ந்து நஞ்சு ஏறியது. மற்றது கறிவேப்பிலை அழகியின் பெண். அதற்கு நஞ்சு கிடையாது. ரோஜா அழகியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. உடம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்: ரோஜா அழகிக்குச் சிவப்பு, இதற்குக் கறுப்பு. சொல்லிக்கொடுத்ததும் அத்தைதான் முதலில் அடையாளம் கண்டுபிடித்தார். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மலைக்காடுகளில் வாழ்வது. அதைத் தேடி ஒருநாள் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போக வேண்டும்.

சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். முழுப் பூங்காவையும் நடந்து தீர்க்க நினைக்காதீர்கள், ஒரு செடி அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். இறக்கையைப் பிடிக்க மட்டும் விடவே கூடாது. இறக்கை முழுக்கச் செதில்கள்தாம், விரலில் ஒட்டும் தூள் அதுதான். உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. எங்கள் பக்கத்திலேயே ஒரு பையன் துரத்திக்கொண்டிருந்தான். மகள் அவனைக் கூப்பிட்டுப் புழுவைக் காட்டினாள். ரெண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

மத்தியானம் வெயில் ஏறியதும் கிளம்பி உறையூர் திரும்பினோம். சாப்பிட்ட கையோடு அவள் கொல்லைக்கு ஓடி, கறிவேப்பிலை மரத்தின் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்தாள். காக்கை எச்சம் போல ஒன்று, பச்சையில் தடித்ததாக ஒன்று. இரண்டும் கறிவேப்பிலை அழகியின் புழுக்கள்தாம், வயசுதான் வேறு. பச்சைப் புழுவைக் குச்சியால் லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி, ஒரு நெடியைக் கிளப்பியது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷமாகப் பார்த்த மாத்திரத்தில் நசுக்கிப் போட்டுக்கொண்டிருந்த அத்தை, இப்போது கீழ்க்கிளையை அவற்றுக்கு விட்டுவிட்டு, ரசத்துக்கு மேல்கிளையில் இருந்து பறித்துக்கொள்கிறார்.