மொட்டை மாடியில் ஒரு வண்ணக் கண்ணாடிப் பட்டறை

சித்திரை வெயிலில் அம்மா மொட்டை மாடியில் கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். அதற்கு ஆறடி தள்ளி இருக்கும் மாடி அறையை எனக்கு விட்டுத்தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "கண்ணாடிதானே, பண்ணிக்கோ" என்றார். "கண்ணாடி மட்டும் இல்லம்மா, ஈயமும் இருக்கு" என்றேன். "ஈயம்னா என்ன? உங்க பாட்டி ஈயச்சொம்புலதான் கடைசி வரைக்கும் ரசம் வெச்சாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசை பிழியப் போய்விட்டார்.

பாட்டியின் ஈயச்சொம்பு வெள்ளீயம். நான் சொன்னது காரீயம். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் சால்டர் கம்பியில் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் இருக்கும். தனித்தனியாக உருக்கினால் வெள்ளீயத்துக்கு 232 டிகிரி வேண்டும், காரீயத்துக்கு 327 டிகிரி. இந்த விகிதத்தில் கலந்துவிட்டால் 190 டிகிரிக்குள்ளேயே முழுக்க உருகித் தண்ணீர் மாதிரி ஓடும். கண்ணாடியின் இடுக்கில் வழவழப்பாக நிற்பதற்கு அதுதான் காரணம். ஆனால் காரீயம் உடம்புக்குள் போகக் கூடாத பொருள். குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தங்கச்சி மகனுக்கு நாலு வயசு. வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பான், கையில் கிடைத்ததை வாயில் வைப்பான். அதனால் ஒரு சாமான் வாங்குவதற்கு முன்பே, அந்த அறை வாசலைத் தாண்டி எது வெளியே போகக் கூடாது, எது உள்ளே வரக் கூடாது என்று உட்கார்ந்து எழுதினேன். சின்ன வீட்டில் இந்த வேலையைத் தொடங்க நினைக்கிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான். கட்டர், கிரைண்டர் எல்லாம் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இருக்கிறது. எனக்கு பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் கணக்கு எழுதும் வேலை. வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போனதில் இந்த வேலை பிடித்துக்கொண்டது. இதில் இரண்டு முறைகள் உண்டு. பழைய தேவாலய ஜன்னல்களில் இருப்பது ஈயப்பட்டை முறை. ஆங்கில எச் எழுத்து மாதிரி இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள பட்டைக்குள் கண்ணாடியைச் செருகிக்கொண்டே போவார்கள். இன்னொன்று ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் ஒட்டும் செம்புத் தாளைச் சுற்றி, அதன்மேல் சால்டர் ஓட்டுவது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியின் பட்டறையில் செய்த விளக்குக் கூண்டுகளால் பெயர் பெற்றது இந்த முறை. இதில் காரீயத்தைக் கையால் வளைப்பதும் வெட்டுவதும் இல்லை. நான் இதை எடுத்துக்கொண்டதற்கு அதுவே முக்கியக் காரணம்.

கீழே ஒரு மூலையில் செய்யலாமே என்று தங்கச்சி கேட்டாள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கீழ்வீட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. ஈயமும், சால்டர் செம்பில் பிடிப்பதற்காகத் தடவும் ஃப்ளக்ஸும் அந்தத் தண்ணீரில் கலந்து சமையற்கட்டு வரை வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். மாடிதான் என்று முடிவானது.

அறை பத்துக்கு எட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். புகைபோக்கி ஃபேன் வைக்க வந்த எலக்ட்ரீஷியன் ஷீட்டிலேயே ஓட்டை போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். ஆஸ்பெஸ்டாஸைத் துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், அது நுரையீரலுக்குக் கெடுதல். கூடுதல் கூலி கொடுத்துச் சுவரை உடைத்து, மேஜை உயரத்துக்குச் சற்று மேலே ஃபேன் பொருத்தினோம். சால்டர் பிடிக்கும் சூட்டில் காரீயம் ஆவியாகாது. கிளம்பும் புகை ஃப்ளக்ஸுடையது. அது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். ஃபேன் தலைக்கு மேலே இருந்தால் புகை முகத்தைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும். அதனால்தான் அந்த உயரம்.

அந்த அறைக்கு எர்த் ஒயரே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. கண்ணாடி விளிம்பைத் தேய்க்கும் கிரைண்டர் தண்ணீரில் நனைந்தபடியே ஓடுகிற மெஷின். எர்த் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. தனியாக எர்த் இழுத்து, கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் ஒன்றும் போட்டோம். மொத்தச் செலவில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலைக்குத்தான் போனது. மேஜைக்குப் பழைய கட்டில் பலகையை ஆசாரி இழைத்துக் கொடுத்தார், மேலே 19 மில்லி பிளைவுட்.

அப்புறம் சட்டதிட்டங்கள். அறைக்கென்று தனிச் செருப்பு, தனி மேல்சட்டை. அந்தச் சட்டை வீட்டுத் துணியோடு சேர்ந்து துவைக்கப்படாது. துடைப்பம் உள்ளே வராது, ஈரத் துணியால் துடைப்பதுதான். பெருக்கினால் கண்ணாடித் தூளும் ஈயத் தூளும் காற்றில் எழும்பிவிடும். தேய்க்கும்போது விளிம்பு எப்போதும் நனைந்திருக்க வேண்டும். தேய்த்த தண்ணீரை மாடியில் கொட்டாமல் ஒரு வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றைப் பேப்பரில் உறிஞ்சி எடுத்துக் கட்டிவைப்பேன். உடைந்த துண்டுகள் மூடி போட்ட பெயின்ட் டப்பாவுக்குள் போகும். அந்த டப்பாவை எங்கள் தெருத் தூய்மைப் பணியாளர் அக்காவின் கையில் கொடுத்து, உள்ளே கண்ணாடி இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். குப்பையைக் கையால் கிளறுகிறவர் அவர்.

எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது டீ விஷயம். நான் மேலே உட்கார்ந்தால் அம்மா டம்ளரோடு படியேறி வந்துவிடுவார். முட்டிவலி வேறு. "உள்ள வராதீங்கம்மா" என்று சொன்ன முதல் நாள் அவர் முகம் சுருங்கியது. கீழே கூட்டிப்போய், ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பில் என் விரலைத் துடைத்துக் காட்டினேன். அரை மணி நேரம் சால்டர் கம்பியைப் பிடித்த விரல். கர்ச்சீப்பில் பென்சில் கரி மாதிரி சாம்பல் நிறம் படிந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாளே வடகம் போடும் இடம் படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் மாறிவிட்டது. இப்போது கீழே இருந்து "டீ" என்று ஒரு குரல் வரும். நான் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு இறங்கிப் போய்க் குடிப்பேன்.

கண்ணாடி வாங்கிய கதைக்கு வருகிறேன். பாரிமுனையில் தேவராஜ முதலி தெருவில் வரிசையாகக் கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. ஆபீசிலிருந்து நடந்து போகும் தூரம். ஆனால் அங்கே வரும் கூட்டம் ஜன்னலுக்கும் ஷோகேசுக்கும் கண்ணாடி வாங்குகிற கூட்டம். கலர் என்று கேட்டால் பழுப்பு, சாம்பல், பச்சை, நீலம் என்று டின்ட் கண்ணாடியும், பூப்போட்ட கண்ணாடியும் கிடைக்கும். பின்பக்கம் பெயின்ட் பூசியதையும் ஃபிலிம் ஒட்டியதையும்கூட எடுத்துக் காட்டுவார்கள். அவை நமக்கு ஆகாது. ஒன்றில் வெளிச்சம் ஊடுருவாது, மற்றதில் சூடு பட்டால் ஃபிலிம் சுருங்கிவிடும். கண்டுபிடிக்க விளிம்பைப் பார்க்க வேண்டும். நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருந்தால் விளிம்பிலும் அதே நிறம் அடர்த்தியாகத் தெரியும்.

கடையின் டியூப் லைட்டில் நிறத்தை நம்பவே கூடாது. வானத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தக் குறுகலான தெருவில் வானம் ஒரு கீற்றுதான். மீன்பாடி வண்டிகளுக்கு நடுவே நின்று, இரண்டு கையாலும் ஒரு நீலத் துண்டைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தேன். கடைக்குள் கறுப்பாகத் தெரிந்த அந்த நீலம், காசிமேட்டில் விடியற்காலையில் தெரியும் கடலின் நிறத்துக்கு வந்தது. அன்று வாங்கியது அது ஒன்றுதான்.

வேறொரு கடையில், விற்காமல் மிச்சம் கிடந்த பச்சைக் கண்ணாடிகள் மலிவாகக் கிடைத்தன. வீட்டுக்கு வந்து கட்டர் சக்கரத்தால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் உடையும்படி வளைத்தேன். பட்டென்று மொத்தத் துண்டும் கல்கண்டு மாதிரி நொறுங்கி மேஜை முழுக்கச் சிதறியது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. அது டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியது. அதை எந்தக் கட்டராலும் வெட்ட முடியாது. மூலையில் சின்னதாக ஒரு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முத்திரை கண்ணில் படவில்லை என்றால், கடையிலேயே ஓரத்தில் ஒரு கீற்று வெட்டித் தரச் சொல்லலாம். தடிமனையும் கேளுங்கள். 3 மில்லி கண்ணாடிக்கு 5.6 மில்லி அகலச் செம்புத் தாள் சரியாக இருக்கும். 4 மில்லிக்கு கால் அங்குலத் தாள் வேண்டும். மாற்றிச் சுற்றினால் இரண்டு பக்கமும் மடிக்கத் தாள் போதாமல், சால்டர் பிடிப்பில்லாமல் உரிந்து வரும்.

சிவப்புதான் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம், இடித்த வீட்டு வாசல் மேல்ஜன்னலில் இருந்த சிவப்புக் கண்ணாடி ஒன்று பார்த்தேன். விளிம்பைத் திருப்பினால் நிறமே இல்லை! பெயின்ட் என்று நினைத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரவு படித்தபோதுதான் விவரம் தெரிந்தது. அந்த மாதிரிச் சிவப்பை முழுத் தடிமனுக்கும் வார்த்தால் கறுப்பாகிவிடும் என்பதால், நிறமில்லாத கண்ணாடிமேல் மெல்லிய சிவப்புக் கண்ணாடிப் படலத்தைச் சேர்த்து ஊதுவார்கள். நான் சொன்ன விளிம்புச் சோதனைக்கு இது ஒரு விதிவிலக்கு. மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டு ஓடினேன். இருந்தது. இரண்டு தெர்மகோலுக்கு நடுவே நிறுத்தி, ஆட்டோவில் மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியைப் படுக்கப்போட்டு எடுத்துவரக் கூடாது, குலுக்கலில் நடுவில் விட்டுவிடும்.

சால்டரிங் அயர்ன் ரிச்சி தெருவில் வாங்கினேன். முதலில் வாங்கிய 25 வாட் ரேடியோ வேலைக்குத்தான் சரி. கண்ணாடியும் செம்பும் சூட்டை இழுத்துக்கொள்ள, சால்டர் கூழாங்கல் மாதிரி கட்டிகட்டியாக நின்றது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள 100 வாட் வந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தது.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. வகுப்பில் யாரும் இதைச் சொல்லவில்லை. கடல் காற்று. செம்புத் தாளைச் சுற்றி ஒரு வாரம் அப்படியே வைத்துவிட்டேன். திரும்ப வந்தபோது செம்பு பழுப்பேறிக் கிடந்தது, அதன்மேல் சால்டர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. மெல்லிய எஃகு நாரால் ஒவ்வொரு விளிம்பையும் தேய்த்த பிறகே பிடித்தது. இப்போது தாள் சுருளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு, அதையும் டப்பாவில் மூடிவைக்கிறேன். சுற்றிய அன்றே சால்டர் வைத்துவிடுவதுதான் நல்லது. ஃப்ளக்ஸை இடுக்கிகள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். என் புது இடுக்கி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்தது.

முதல் வேலையாக ஒரு வவ்வால் மீன் எடுத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் வெளிப்பக்கம் வளைவதால் சுலபமாக வந்தது. வால்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கண்ணாடி நேர்க்கோட்டில்தான் உடையப் பார்க்கும், உள்வளைவு அதற்குப் பிடிக்காது. மூன்று முறை வால் பிளந்தது. நாலாவது முறை, வளைவுக்குள் பிறைபிறையாக ஐந்து கோடு போட்டு, வெளிப்பிறையிலிருந்து ஒவ்வொன்றாக இடுக்கியால் கழற்றினேன். கோடு போடும்போது துணி கிழிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும், போட்ட கோட்டின்மேல் இரண்டாம் முறை சக்கரம் ஓடக் கூடாது. கடைசிப் பிறை கழன்று விழுந்தபோது மணி பத்தரை, ஆஸ்பெஸ்டாஸ் அடியில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இப்போதெல்லாம் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவேன், இல்லையென்றால் மாலை ஐந்துக்குப் பிறகுதான்.

மீனைப் படிக்கட்டு ஜன்னலில், தங்கச்சி மகன் எக்கினாலும் எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறேன். அதன் கோடுகளிலும் காரீயம்தானே. ஆறு மாதம் கழித்து ஒரு லேபில் என் ரத்தத்தில் ஈய அளவு பார்த்தேன், கவலைப்படும்படி எதுவும் இல்லை. அந்தச் சிவப்புக் கண்ணாடியை இன்னும் வெட்டவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று, என் உள்வளைவு இன்னும் அந்த அளவுக்குத் தேறவில்லை. சுவர் ஓரமாக, பழைய போர்வைமேல் நிறுத்திவைத்திருக்கிறேன்.