"கடிக்க முடியலை" என்றால் வாயைத் திறந்து பாருங்கள்

தோட்டத்து லயத்தில் வயசான ஒருவர் ரொட்டியை ஒதுக்கிவிட்டு, சாயத்தண்ணியில் பிஸ்கட்டை நனைக்கத் தொடங்கினால் "பல்லு போச்சு, வயசாயிருச்சு" என்று விட்டுவிடுகிறோம். அந்த ஒரே பேச்சுக்குள் நாலைந்து கோளாறு இருக்கலாம். ஒன்றுக்குச் செய்வது மற்றதற்கு உதவாது. அதனால் முதலில் வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டு, டோர்ச் அடித்துப் பாருங்கள்.

பல்லை எண்ணிப் பிரயோசனமில்லை. மேல் கடைவாய்ப்பல்லுக்கு நேர் கீழே பல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வலப்பக்கம் மேலே மூன்று, இடப்பக்கம் கீழே மூன்று என்றிருந்தால் ஆறு பல் இருந்தும் அரைபடாது. அம்மி ஒரு வீட்டில், குழவி இன்னொரு வீட்டில் இருக்கிற மாதிரி.

அடுத்தது வெற்றிலை. பல் போன அப்பாயிமார் சின்ன உரலில் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்து இடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். மெல்லும் பாடு குறைகிறது, சாறு மட்டும் ஒரே இடத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. புகையிலையை விட்டால் போதும் என்பது பிழையான நம்பிக்கை. பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுதியில் சொல்லிவிட்டது. பாக்கு உட்கன்னத்தை நார்நாராக இறுக்கும். முதலில் காரம் எரியும், சம்பலே வேண்டாம் என்பார்கள். பிறகு கன்னம் வெளிறி விறைக்கும், வாய் சுருங்கும். அவர்களுடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். இரண்டுதான் போகிறது என்றால் பாக்கை அன்றைக்கே நிறுத்த வேண்டும். இறுகியது பழையபடி இளகாது, மேலே இறுகாமல் பார்க்கலாம். முன்பல் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் என்று எது கண்ணில் பட்டாலும், வலி இல்லை என்று சும்மா இருக்காமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கட்டுப்பல் செட் ஆடுகிறது என்பது இன்னொரு புகார். பல் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு கரையும், அதுவும் முதல் வருஷத்தில் வேகமாக. போன வருஷம் கச்சிதமாக இருந்த செட் இப்போது லூசாவது அதனால்தான். கீழ்ச்செட் எப்போதும் கூடுதலாக ஆடும். மேலே அண்ணம் முழுக்கப் பிடிமானம் இருக்கிறது. கீழேயோ நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பல்லால் ரொட்டியைக் கடித்து இழுத்தால் செட் பின்னால் எழும்பிவிடும். நகத்தளவு பிய்த்து, இரண்டு பக்கக் கடைவாயிலும் பாதிபாதியாக வைத்து மெல்ல வேண்டும்.

உரசிப் புண்ணானால் கத்தியால் சீவ வேண்டாம். கிளினிக்குக்கு முந்தைய நாள் போட்டிருந்து போனால், எந்த இடம் அழுத்துகிறது என்பது டாக்டருக்குத் தெரியும். உடைந்ததைப் பசை வைத்து ஒட்டாமல் துண்டுகளை அப்படியே எடுத்துப் போங்கள். ராத்திரி கழற்றிப் பச்சைத்தண்ணியில் போடுங்கள். குளிருக்கென்று கொதிதண்ணி ஊற்றினால் வளைந்துவிடும். பற்பசை செட்டைக் கீறும், சவர்க்காரமும் மெதுவான பிரஷும் போதும். பீலியில் கழுவுகிறவர்கள் அடியில் ஒரு பேசின் தண்ணி வையுங்கள். கல்லில் விழுந்தால் இரண்டு துண்டுதான்.

பிரஷர் குளிசை சிலருக்கு வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் செட்டும் ஒட்டாது, மிச்சப் பல்லும் வேரோரம் சொத்தையாகும். வாய் உலர்வதைப் போக்க நாள் முழுக்க இனிப்புத் தேத்தண்ணி உறிஞ்சுவது இருக்கிறதே, அதுதான் பெரிய கேடு. வெறும் தண்ணி வையுங்கள்.

பாணையும் பிஸ்கட்டையும் மட்டும் கொடுத்தால் ஆள் இளைத்துப்போவார், மலமும் இறுகும். முட்டை, குழைந்த பருப்பு, மசித்த பூசணி, வறுத்துத் தூளாக இடித்த நெத்தலி எல்லாம் பல் கேட்காது. ரொட்டிதான் வேண்டுமென்றால் ஒரு கப் கோதுமை மாவுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய், அரைக் கப்புக்குச் சற்றுக் குறைவாகக் கொதிதண்ணி விட்டுப் பிசைந்து, இருபது நிமிஷம் மூடி வையுங்கள். மெல்லிசாகத் தட்டிச் சுட்டு, சூட்டோடு துணியில் சுற்றுங்கள். தேங்காய்ப்பூ இல்லாத ரொட்டி ருசி குறைவுதான். ஆனால் ஒரு பூத்துணுக்கு செட்டுக்கு அடியில் போனால் அன்றைய சாப்பாடு அதோடு சரி. சம்பலையும் அம்மியில் மையாக அரைத்துவிடுங்கள்.