எங்கள் பள்ளிக்கு அறிவியல் பாடத்திட்டம் வாங்கிய கதை

கலிஃபோர்னியாவில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கல்வி மாவட்டம் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய அறிவியல் பாடத்திட்டம் வாங்க முடிவு செய்தபோது, தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். நாலு கூட்டத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் இழுத்தது.

எந்த வகுப்பில் அறிவியலில் என்ன கற்க வேண்டும் என்று சொல்லும் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அறிவியல் தரநிலைகளை மாநிலம் 2013-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கேற்ற பாடநூல்களின் பட்டியல் வந்ததோ 2018 நவம்பரில். அதுவரை பழைய புத்தகத்தையும் அங்கங்கே பொறுக்கிய ஒர்க் ஷீட்டுகளையும் வைத்து ஒப்பேற்றினோம். தொடக்கப் பள்ளியில் மாநில அறிவியல் தேர்வு ஐந்தாம் வகுப்பில்தான், அதனால் மண்டையிடி எனக்குத்தான் அதிகம்.

பட்டியலை வடிகட்டி இரண்டை எடுத்தோம். பிள்ளைகள் ஒரு நிகழ்வைப் பார்த்து, கேள்வி கேட்டு, விளக்கத்தைத் தாங்களே கண்டடைகிறார்களா? இல்லை, விடையை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, சோதனையை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ள வைத்திருக்கிறார்களா? இதைத்தான் பார்த்துப் பார்த்து மதிப்பெண் போட்டோம். பளபளப்பான புத்தகங்கள் சில இங்கேயே விழுந்தன.

அப்புறம் பைலட், இரண்டையும் எட்டெட்டு வாரம் வகுப்பில் நடத்திப் பார்த்தோம். செடி வளரத் தேவையான பொருள் பெரும்பாலும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கிறது என்பது ஐந்தாம் வகுப்புத் தரநிலைகளில் ஒன்று. ஒரு மரக்கட்டையைக் காட்டி, இது எதனால் ஆனது என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் மண் என்றார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற அறிவியலாளர் தொட்டியில் வளர்த்த வில்லோ மரத்தின் கணக்கைக் கொடுத்தேன். ஐந்து வருடத்தில் மரம் கூடியது சுமார் 74 கிலோ, மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார்கள். ஹெல்மான்ட்டும் அப்படித்தான் நினைத்தார். பின்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் என்றால் கட்டை காய்ந்ததும் ஆவியாகிக் காணாமல் போயிருக்குமே என்றாள். வகுப்பு ஒரு நிமிடம் கப்சிப்.

மதுரையில் படித்தபோது ஐந்து மதிப்பெண்ணுக்காக ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை மனப்பாடம் செய்தவள் நான். எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தின் கனத்தில் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்தது என்று அப்போது ஒருநாளும் தோன்றியதில்லை.

என் ஓட்டு இந்த மரக்கட்டைப் பாடம் இருந்த பாடத்திட்டத்துக்கு என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆனால் குழுவில் பாதிப் பேர் மற்றதைக் கேட்டார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதில் ஒரு பாடத்துக்குத் தட்டு, தராசு, விதை எல்லாம் எடுத்து வைக்கவே முக்கால் மணி நேரம் போகும். வாசிப்பும் கணக்கும் போக அறிவியலுக்கு மிஞ்சுவது சில நாள் அரை மணி நேரம்தான். கடைசியில் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் இது வென்றது. பெற்றோர் பார்வைக்கு வைத்து, கல்விக் குழு ஒப்புதலும் வாங்கினோம்.

பயிற்சி, விலை எல்லாம் அலசிய நாங்கள் ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிட்டோம்: தீர்ந்துபோகும் சாமான்களை அடுத்த வருடம் யார் நிரப்புவது? இரண்டாம் வருடம் பெட்டியைத் திறந்தால் பாதி காலி. மண் இல்லை, விதை இல்லை, ஒரு தராசு கூட வேலை செய்யவில்லை. சண்டை போட்டு வருடாந்திர பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்க வைத்தோம். பெட்டிகளை நிரப்பப் பகுதி நேர ஆள் ஒருவரும் வந்தார்.

தராசுக்கு பேட்டரி மட்டும் இன்னும் நான்தான் வாங்குகிறேன்.