புயல் இரவுக்கு ஒரு சர்வர்: இரண்டேகால் வாட் கணக்கு

கடலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிறிய வானிலை நிலையம் நிற்கிறது. காற்றின் வேகம், திசை, மழை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை அளக்கும் உணரிகளைத் தாங்கிய அந்தக் கம்பம், 48 விநாடிக்கு ஒரு முறை 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தன் அளவீடுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். மாடிப்படிக்குக் கீழே உள்ள கணினி அவற்றை எஸ்டிஆர் டாங்கிள் என்ற, யூஎஸ்பியில் செருகி வானலையைக் கேட்கும் சிறு கருவி வழியாகப் பிடித்து, வீவெக்ஸ் என்ற மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்ற கணக்கில் அது தரவுத்தளத்தில் எழுதி, வரைபடங்களோடு ஒரு பக்கத்தையும் தயாரித்துத் தருகிறது. அந்தக் கணினி, அதாவது சர்வர், எதுவாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் நான்கு இயந்திரங்கள் மாறிவிட்டன.

வேலை என்னவோ மிகச் சிறியது. நாளுக்கு 288 பதிவுகள், ஆண்டுக்கு 1,05,120 வரிகள். கைபேசியில் எடுக்கும் சில நிமிட வீடியோ இதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆயினும் பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடந்ததால் முதலில் அதையே ஓடவிட்டேன். வாட் மீட்டரைச் செருகிப் பார்த்தபோது, எந்த வேலையும் இல்லாமல் விழித்திருப்பதற்கே அது 48 வாட் இழுத்தது. இரண்டு மாதக் கணக்கில் அது 69 யூனிட். முதல் நூறு யூனிட்டுக்குக் கட்டணம் இல்லாத நம் ஊரில், அந்த நூறில் எழுபதை மழைக்கணக்குக்கே தாரை வார்க்கிறாயா என்று அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது.

அடுத்து, சென்னை ரிச்சி தெருவில் அலுவலகங்கள் கழித்துப் போட்ட தின் கிளையன்ட் எனப்படும் சிறு கணினி ஒன்றை வாங்கினேன். விசிறி கிடையாது, உள்ளே சிறிய எஸ்எஸ்டி உண்டு, சொந்தக் கடிகாரமும் உண்டு. டாங்கிளையும் சேர்த்து எட்டரை வாட்தான். நல்ல இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இருப்பவர் என்னிடம் யோசனை கேட்டால், இன்றும் இதைத்தான் முதலில் சொல்வேன். மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் தேடல் இங்கேயே முடிந்திருக்க வேண்டும். எட்டரை வாட்டிலிருந்து இரண்டு வாட்டுக்கு இறங்கினாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்பது யூனிட்தான் மிச்சம். அதற்காக யாரும் கணினியை மாற்ற மாட்டார்கள்.

என்னை மாற்ற வைத்தது புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பகுதியில்தான் கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு மின்சாரமில்லாமல் கழிந்த இரவுகளை எங்கள் மாவட்டத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போதெல்லாம் புயல் நெருங்கும்போது கம்பி அறுந்து உயிர்ச்சேதம் நேரக்கூடாதென்று முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் 'காற்று லேசாக வீசுகிறது, மழை இல்லை' என்று எழுதிக்கொண்டே வரும் நிலையம், எழுதுவதற்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கும் அந்த ஓர் இரவில் வாயடைத்துப்போனால் அதை வைத்திருப்பதில் என்ன பயன்? எனவே என் கேள்வி மாறியது. மாதத்துக்கு எத்தனை யூனிட் என்பதை விட்டுவிட்டு, ஒரு சாதாரண 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று கேட்கத் தொடங்கினேன்.

அந்தப் பேட்டரியில் ஏட்டளவில் 84 வாட்-மணி உண்டு. ஈய அமில வகையைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 42 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வோல்ட்டாக மாற்றுவதில் போகும் இழப்பைக் கழித்தால் கையில் நிற்பது 36. மேசைக் கணினி இதில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடாது. தின் கிளையன்ட் நான்கு மணி நேரம் ஓடும். நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்த ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒற்றைத் தகட்டுக் கணினி டாங்கிளோடு நாலரை வாட் எடுத்தது. அதற்கு எட்டு மணி நேரம். அதே குடும்பத்தின் சிறிய மாடலான பை ஜீரோ 2 டபிள்யூ, டாங்கிளோடு சேர்த்தே 2.3 வாட்; பதினைந்து மணி நேரத்துக்கு மேல். மாலையில் நின்ற மின்சாரம் மறுநாள் காலைவரை வராவிட்டாலும் கவலையில்லை என்பது இந்தக் கடைசி எண்ணில்தான் வருகிறது.

இதில் ரவுட்டரைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்கவும். எங்கள் வீட்டு ரவுட்டர் ஆறு வாட் எடுக்கும். அதையும் அதே பேட்டரியில் மாட்டினால் பதினைந்து மணி நேரம் நான்காகச் சுருங்கிவிடும். வைஃபை வழியாகத் தரவு அனுப்பும் நிலையங்களில் ரவுட்டர் அணைந்தால் சர்வருக்கு எதுவும் வந்து சேராது. வானலையில் நேரடியாகப் பிடிப்பதால் என்னால் அதை அணைய விட முடிகிறது. புதிதாக வாங்குபவர்கள் கணினியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜீரோ 2 டபிள்யூவுக்கு முன் பழைய ஜீரோவையும் முயன்றேன். அதன் செயலியில் ஒரே ஒரு கோர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வரைபடங்களை வரைய உட்கார்ந்தால் நாற்பது விநாடி திணறும்; அந்நேரம் பார்த்து வரும் சிக்னலைக் கோட்டைவிடும். புதியதில் நான்கு கோர்கள். அதே வேலை எட்டு விநாடியில் முடிகிறது. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. யூஎஸ்பி மீட்டரில் தனித்தனியாக அளந்தபோது டாங்கிள் மட்டுமே 1.4 வாட் எடுத்தது. அதாவது, வானலையைக் கேட்கும் கட்டைவிரல் அளவுப் பொருள், மற்ற எல்லாவற்றையும் செய்யும் கணினியைவிட அதிகம் தின்கிறது. தொட்டுப் பார்த்தாலே சூடு தெரியும்.

பேட்டரியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஜீரோ 2 டபிள்யூவை வெறுமனே மாட்டியிருந்த நவம்பர் மாதத்தில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. நள்ளிரவுக்குச் சற்று முன், 11.40 மணிக்கு மின்சாரம் நின்றது, விடியற்காலை 3.50க்கு வந்தது. இணையம் மட்டும் மறுநாள் பிற்பகல்வரை வரவில்லை. ராஸ்பெர்ரி பையின் பெரும்பாலான மாடல்களில், ஜீரோ உட்பட, பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். இணையம் இல்லையென்றால், மணிக்கு ஒரு முறை கோப்பில் குறித்துவைத்த நேரத்தை எடுத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கும். என் சர்வர் கடைசியாகக் குறித்திருந்தது 11.17. ஆகவே விடியற்காலை 3.50க்கு விழித்தெழுந்து, இரவு மணி 11.17 என்று நம்பிக்கொண்டு எழுத ஆரம்பித்தது. 11.20 முதல் 11.40 வரை ஏற்கெனவே பதிவுகள் இருந்ததால், அதே நேரத்துக்கு இன்னொரு வரி கூடாது என்று தரவுத்தளம் அவற்றைத் திருப்பி அனுப்பியது. அதன் பிறகு அடித்த விடியற்கால மழை முழுவதும் நள்ளிரவு மழையாகப் பதிவாகிவிட்டது.

காலை எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் வழக்கம்போல மதிலோரம் வந்து, "தம்பி, உங்க மெஷின் எத்தனை சென்டி காட்டுது?" என்று கேட்டார். சர்வரில் 6.1 சென்டிமீட்டர். அவர் வீட்டு முற்றத்தில் வைத்திருக்கும் கண்ணாடி மழைமானியில் 11.2. மின்சாரம் இல்லாத நான்கு மணி நேர மழை எங்கேயும் பதிவாகவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த வாரமே பேட்டரியும், மின்சாரம் நின்றாலும் பொத்தான் பேட்டரியில் மணி காக்கும் டிஎஸ்3231 கடிகாரத் தகடும் வாங்கினேன். நான்கே ஒயர்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது. வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மலிவான தகடுகள் சிலவற்றில் பொத்தான் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றும் சுற்று இருக்கிறது. அதில் சார்ஜ் ஏற்ற முடியாத சாதாரண சிஆர்2032ஐப் போட்டால் உப்பிவிடக்கூடும். அந்தச் சுற்றில் உள்ள ரெசிஸ்டரை நெம்பி எடுத்துவிட வேண்டும். எஸ்டி கார்டு தேயாமலிருக்க, லாக் கோப்புகளையும் வரைபடங்களையும் ராமிலேயே எழுதும்படி மாற்றினேன். தரவுத்தளம் மட்டும் கார்டில். மெல்லிய சார்ஜர் கேபிளையும் தூக்கிப் போட்டேன், வோல்ட்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கினாலே பை முறையிடத் தொடங்கும், மலிவுக் கேபிள்களில் அது எளிதாக நடக்கிறது.

கடைசியாகச் செய்த மாற்றத்துக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. வீவெக்ஸ் ஒரு நாளின் கணக்கை நள்ளிரவில் முடிக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை எட்டரைக்கு முடிகிறது. எட்டரை முதல் எட்டரை வரை தனியாகக் கூட்டிக் காட்டும் ஒரு சிறிய நிரலை எழுதிச் சேர்த்தேன். சென்ற மழையில் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. மறுநாள் காலை சர்வரில் 3.7 சென்டிமீட்டர், ஆசிரியர் வீட்டு மழைமானியில் 3.8.