மாமியாரின் சவரன் மாலையை ஜவேரி பஜாரில் பிரித்துக் கட்டியது

மாமியாரின் மாலை, சவரன் என்ற பழைய பிரிட்டிஷ் தங்கக் காசுகளைக் கோத்தது. அதில் காசுகளுக்கு வளையம் பற்றவைத்த இடங்கள் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தன. ஒரு காசு கல்யாண மண்டபத்தில் கழன்று விழுந்து நல்லவேளையாகக் கிடைத்தது, அப்புறம்தான் செம்பூரிலிருந்து மும்பையின் நகைக்கடைத் தெருவான ஜவேரி பஜாருக்குக் கிளம்பினோம்.

முதல் கடையில் மாலையைப் பார்த்ததுமே "கின்னியை உருக்கிப் புது டிசைன் போட்டுக்கலாம் மேடம்" என்றார்கள் (கின்னி என்று அங்கே சொல்வது சவரன் காசைத்தான்). தரம் பார்க்கும் மெஷினில் வைத்துத் தங்கம் மட்டம் என்றும் சொன்னார்கள். வைத்தது எங்கே தெரியுமா, வளையத்தைப் பற்றவைத்த இடத்தில்! அந்தக் காலத்துப் பற்றவைக்கும் பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும், அங்கே குறையத்தான் செய்யும். காசின் முகத்தில் வைக்கச் சொன்னதும் 91 சதவீதத்துக்கு மேல் வந்தது, சவரன் 22 காரட் ஆயிற்றே.

எடையில் ஒரு விஷயம். நம் கணக்கில் பவுன் என்றால் 8 கிராம், ஆனால் அசல் சவரன் 7.988 கிராம்தான், கழுத்தில் தேய்ந்தது இன்னும் கொஞ்சம் குறையும். வளையத்தின் எடை தனி. எங்களுடையதில் ஒன்று வளையத்தோடு சேர்த்தே 7.6 காட்டியது, காசில் இருக்கும் குதிரை உருவத்தின் கால்களும் மழுங்கலாக இருந்தன, யாரோ பத்தர் அச்சடித்த காசு. அதைத் தனியே வைத்துவிட்டோம்.

வேலையை ஒரு பெங்காலி காரிகரிடம் (நகை செய்பவர்) கொடுத்தோம். கொடுக்கும் முன் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் படமெடுத்து, வருடம், எடை எல்லாம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன் (மாமியாருக்கு இது மரியாதைக் குறைவாகப் பட்டது, காரிகருக்குப் படவில்லை). பழைய பற்றைச் சுத்தமாக அரம் போட்டு எடுத்தால் காசில் கீறல் விழும் என்றார், சரி, மிச்சம் இருக்கட்டும் என்று விட்டோம். இந்தத் தடத்துக்காக நாணயம் சேர்ப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள்தான், ஆனால் நாங்கள் விற்கப் போவதில்லை. புதிதாகப் பற்றவைக்காமல், மெல்லிய 22 காரட் ஃபிரேமில் காசை உட்காரவைத்து நகங்களை மடக்கிவிட்டார். காசில் நெருப்பே படவில்லை. ஃபிரேம் தங்கத்துக்கும் கூலிக்கும் தனித்தனி பில்.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது 1918 காசு ஒன்றில், வருடத்துக்குச் சற்று மேலே சின்னதாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. பம்பாயில் அடித்தது! உலகப் போரில் தங்கத்தை லண்டனுக்குக் கப்பலேற்றுவது ஆபத்து என்று இங்கேயே ராயல் மின்ட் என்ற பிரிட்டிஷ் நாணயச்சாலையின் கிளை வைத்தார்கள், 1918 என்று போட்ட சவரன் மட்டும்தான் பம்பாயில் அடித்தது. எல்லாமே தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது என்று மாமியார் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரிலிருக்கும் நாத்தனார் ஒரு காசு கேட்கிறாள். நூறு வருடம் தாண்டிய நாணயம் இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், நாமாக வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்றேன். அப்படியானால் அந்த 1931 காசைக் கொடுங்கள் என்கிறாள். மாமியார் இன்னும் பதில் சொல்லவில்லை.