விண்ட்சர்: 900 ஆண்டுகளுக்கு மேலாக அரச குடும்பம் வாழ்ந்துவரும் கோட்டை

லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லாவ் ரயில் நிலையத்திற்கு வெளியே நின்ற வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், விண்ட்சருக்கு அடுத்த ரயில் வர வெகுநேரமாகும் என்று சொல்லி, கோட்டையின் நுழைவுக் கட்டணத்திற்கு இணையான தொகையைக் கேட்டது இன்னும் எரிச்சலூட்டுகிறது. மறுத்துவிட்டு நடைமேடைக்கு வந்தால், ரயில் புறப்படத் தயாராக நின்றது. 6 நிமிடப் பயணத்தில் கோட்டைக்கு எதிரிலேயே இறங்கினோம்.

1070-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம், லண்டனைச் சுற்றி எழுப்பிய காவல் கோட்டைகளுள் ஒன்றாக, தேம்ஸ் ஆற்றங்கரைக் குன்றின் மேல் மண்மேடு அமைத்து மரத்தால் கட்டியதே இதன் தொடக்கம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி அதைக் கல்லால் கட்டினார். எல்லோரும் படமெடுக்கும் வட்டக் கோபுரத்தின் இன்றைய உயரம் மட்டும் அவர் தந்ததன்று; 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் ஜெஃப்ரி வயட்வில் என்ற கட்டடக் கலைஞர் அதை ஏறக்குறைய 9 மீட்டர் உயர்த்தினார். குடியிருப்பவர்கள் தங்கள் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே வந்ததால்தான் இது பாழடையாமல் நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்குச் சிறந்த சான்று புனித ஜார்ஜ் மண்டபம். 1992 நவம்பர் 20 அன்று தனி வழிபாட்டு அறையில், மின்விளக்கின் வெப்பத்தால் திரைச்சீலையில் பற்றிய தீ, இந்த மண்டபம் உட்பட 100-க்கும் மேற்பட்ட அறைகளைச் சேதப்படுத்தியது. சீரமைப்புச் செலவை மக்கள் வரிப்பணத்திலிருந்து எடுக்கக் கூடாது என்ற எதிர்ப்பு வலுக்கவே, பக்கிங்ஹாம் அரண்மனை பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டு, அந்தக் கட்டண வருவாயே பெரும்பகுதிச் செலவை ஈடுசெய்தது. சரியாக 5 ஆண்டுகளில், 3 கோடியே 65 இலட்சம் பவுண்டு செலவில் பணி முடிந்தது. உலர்த்தாத ஓக் மரத்தால், இடைக்காலத் தச்சு முறையில் அமைத்த புதிய கூரையை அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீரப்பட்டமான கார்ட்டர் பட்டம் பெற்றவர்களின் கேடயங்கள் வரிசையாகப் பதிந்துள்ள அந்தக் கூரையில், தகுதி பறிக்கப்பட்டவர்களின் கேடயங்கள் மட்டும் வெறும் வெள்ளையாக விடப்பட்டிருக்கின்றன. பொன்முலாம் வழியும் மற்ற அறைகளை விட எனக்கு இதுவே பிடித்தது.

திப்பு சுல்தானின் அரியணையை அலங்கரித்த பொற்புலித் தலையும் இங்கேதான் இருக்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையான பொருள் அது. அதன் அழகை வியந்தாலும், அது இருக்கவேண்டிய இடம் இதுவன்று என்ற எண்ணத்தை அடக்க முடியவில்லை.

1475-இல் நான்காம் எட்வர்ட் தொடங்கிய புனித ஜார்ஜ் தேவாலயத்தில், எட்டாம் ஹென்றியும், தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸும் ஒரே நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 2022-இல் மறைந்த இரண்டாம் எலிசபெத்தின் கல்லறையும் இதே தேவாலயத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. செவ்வாயும் புதனும் கோட்டையே மூடியிருக்கும். சீட்டை முன்கூட்டியே வாங்கினால் கட்டணம் குறைவு.

கோட்டைக் கட்டணம் தர இயலாதவர்கள், இரண்டாம் சார்லஸ் அமைத்த நீண்ட நடைபாதைக்கு நேரே செல்லலாம். கோட்டை வாயிலிலிருந்து மூன்றாம் ஜார்ஜின் குதிரைச் சிலை வரை 4 கிலோமீட்டருக்கு மேல் இருபுறமும் மரங்கள் அணிவகுக்கும் அந்தப் பாதையில் நடக்கக் கட்டணமே கிடையாது. அதன் மறுமுனைக்கு அருகே செம்மான்கள் மேய்வதையும் காணலாம்.