யாருமே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டேன்

போன வாரம் ஒரு நோட்டீஸ் வந்தது. பிரித்துப் பார்த்தால் என் வண்டியின் பின்பக்கம். ராத்திரியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நம்பர் பிளேட்டை மட்டும் தனியாக வெட்டிப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். கீழே தேதி, நேரம், நொடி வரைக்கும் கணக்கு. அனுமதித்த வேகம் 60, நான் போனது 74. பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளை வண்டியும் படத்தில் விழுந்திருக்கிறது. சம்பவம் நடந்து 16 நாள் ஆகிவிட்டது, அன்றைக்கு எங்கே போனேன், என்ன அப்படி அவசரம், ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார், நானும் அசடு வழிந்துகொண்டு ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன், அப்புறம் வீடு போய்ச் சேரும் வரைக்குமாவது ஒழுங்காக ஓட்டியிருப்பேன். கேமரா ஒன்றும் சொல்லாது. படத்தை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். நான் பாட்டுக்கு 74-லேயே போய், சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் இந்த 16 நாளும் அதே சாலையில்தான் போய் வந்திருக்கிறேன் என்பதால், இன்னும் எத்தனை நோட்டீஸ் வழியில் வந்துகொண்டிருக்கிறதோ என்று வயிற்றைக் கலக்குகிறது.

தப்பு என்னுடையதுதான், அதில் வாதமே இல்லை. கேமரா ஆள் பார்த்து விடுவதில்லை, 'எதையாவது குடுத்துட்டுப் போங்க' என்று கேட்பதும் இல்லை, அந்த வகையில் மனுஷனைவிட மேல். (கேமராவைச் சுற்றியிருக்கிற மனுஷர்கள் வேறு விஷயம். சிகாகோவில் சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர்களைப் பிடிக்கும் கேமராவின் ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய முன்னாள் நகர அதிகாரிக்கு 2016-ல் 10 வருடச் சிறை கிடைத்தது.) பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வில், கேமரா இருக்கும் இடங்களையொட்டி உயிர்ப்பலியும் படுகாயமும் ஏற்படுத்தும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்ததாக இருக்கிறது. ஆய்வுகளின் தரம் பற்றி அவர்களே குறை சொல்லியிருக்கிறார்கள், இருந்தாலும் எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்கின்றன.

இதைக் கண்டுபிடித்த ஆள் யார் என்று தேடிப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. மௌரிட்ஸ் காட்சோனிடிஸ், நெதர்லாந்துக்காரர், கார் பந்தய வீரர், 1953-ல் மான்டே கார்லோ ராலியில் ஜெயித்தவர். வளைவுகளில் தன் வேகத்தைத் துல்லியமாக அளந்து இன்னும் வேகமாகப் போவதற்காக அவர் செய்த கருவிதான் பின்னாளில் போலீஸ் கைக்குப் போய் 'காட்சோ' கேமரா ஆனது. வேகமாகப் போக ஆசைப்பட்டவன் செய்த பொருளை வைத்துத்தான் வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்கிறார்கள்!

ஆனால் கம்பத்தில் நிற்கிற இந்தக் கேமராக்கள் நமக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன என்று யோசித்தால், கேமரா எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். தினமும் பார்க்கிறேனே. கம்பத்துக்கு நூறு மீட்டர் முன்னால் எல்லோருடைய பிரேக் விளக்கும் ஒரே நேரத்தில் எரியும், கம்பத்தைத் தாண்டியதும் ஆக்ஸிலரேட்டர். பின்னால் வருகிறவனுக்குக் கேமரா இருப்பது தெரியாவிட்டால் நம் டிக்கிக்குள்தான் வந்து நிற்பான். நான் என்ன யோக்கியமா, நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அந்த இடத்தில் சாலையைப் பார்ப்பதைவிட ஸ்பீடோமீட்டரைத்தான் அதிகம் பார்க்கிறேன், அந்த நொடியில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே உடம்பு சில்லிடுகிறது.

இதற்கு மருந்தாகத்தான் சராசரி வேகக் கேமரா வந்தது. தொடக்கத்தில் ஒன்று, சில கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டும் நம்பர் பிளேட்டைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும், மிச்சம் பள்ளிக்கூடக் கணக்கு. 80 வேகம் அனுமதித்த 10 கிலோமீட்டரை ஏழரை நிமிடத்துக்குக் குறைவாகக் கடந்தால் தப்பு, ஆறு நிமிடத்தில் கடந்தால் சராசரி 100. கம்பத்தருகில் பிரேக் போட்டு ஏமாற்ற முடியாது. ஒரு தடவை தெரியாமல் கொஞ்சம் மிதித்துவிட்டால்கூட அப்புறம் நிதானித்து ஈடுகட்டலாம், ஒரு நொடிக்குத் தண்டனை இல்லை. எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே நியாயமான முறை இதுதான்.

நியாயமானதில்தான் சிக்கலும். பழைய ரேடார் கேமரா வேகமாகப் போனவனை மட்டும்தான் படம் எடுக்கும், மற்றவர்கள் அதைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. சராசரி வேகக் கேமராவுக்கோ உள்ளே நுழைகிற அத்தனை பேரையும் படித்து வைத்தாக வேண்டும், யார் தப்பு செய்யப் போகிறார் என்று நுழையும்போது அதற்கு எப்படித் தெரியும்? ஜெர்மனியில் ஹனோவர் பக்கம் 2019 ஜனவரியில் இதைத் தொடங்கினார்கள், மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. தப்பே செய்யாதவர்களின் எண்ணையும் பதிவு செய்ய எந்தச் சட்டம் அனுமதிக்கிறது என்று ஒருவர் வழக்குப் போட்டார், அப்படி ஒரு சட்டமே இல்லை. அப்புறம் சட்டம் கொண்டுவந்து அதே வருடம் திரும்பத் தொடங்கினார்கள். போலீஸ் தேடும் வண்டிகளைப் பிடிக்க எண்களைப் படிக்கும் கேமராக்கள் பற்றி அந்த நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2008-லேயே, தேடப்படும் பட்டியலில் இல்லாத வண்டியின் எண்ணை அந்த நொடியே அழித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தது. 2018-ல் இன்னும் ஒரு படி மேலே போய், அழித்தாலும்கூடச் சோதித்ததே உரிமையில் தலையீடுதான் என்றது.

பிரிட்டனில் கதை வேறு. எண் படிக்கும் கேமராவை 1976-ல் முதலில் உருவாக்கியவர்களே அவர்கள்தான், அங்கே போலீஸ் கேமராக்கள் தினமும் கோடிக்கணக்கில் எண்களைப் படிக்கின்றன, ஒன்றும் செய்யாதவர்களின் பதிவும் மாதக்கணக்கில் இருக்கிறது. 2005-ல் பிராட்ஃபர்டில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலைகாரர்கள் தப்பிய காரைக் கண்டுபிடிக்க உதவியது இந்தப் பதிவுகள்தான் என்பதால் 'எதற்கு இதெல்லாம்' என்று அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடவும் முடியாது. ஆனால் ஒருவர் எந்த நாளில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், எந்தக் கூட்டத்துக்குப் போனார், யார் வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு நின்றார் என்பதும் அதே பதிவில்தான் இருக்கிறது.

அதுவும் தப்பில்லாமலா படிக்கிறது? அங்கே 2021-ல் ஒருவருக்கு பஸ் பாதையில் வண்டி ஓட்டியதாக அபராத நோட்டீஸ் வந்தது. படத்தில் காரே இல்லை, ஒரு பெண்மணி நடந்து போகிறார். அவர் சட்டையில் 'KNITTER' (பின்னல் போடுகிறவர்) என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்க, தோள்பை வார் குறுக்கே விழுந்து அது கேமராவுக்கு நம்பர் பிளேட்டாகத் தெரிந்திருக்கிறது. அந்த எண் உள்ள கார் நின்றதோ நூறு மைலுக்கும் அப்பால்! நல்லவேளை, சிரித்துவிட்டு ரத்து செய்துவிட்டார்கள். மாட்டியது சட்டை என்பதால் சிரிக்க முடிந்தது, உங்கள் எண்ணில் ஒரே ஒரு எழுத்து மாறிய இன்னொரு கார் என்றால் அது நீங்கள் இல்லை என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில்தான்.

என் நோட்டீஸுக்குப் பணத்தைக் கட்டிவிட்டேன். கோப்பில் வைக்கும்போது படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அந்த வெள்ளை வண்டி ஒழுங்கான வேகத்தில்தான் போயிருக்கிறது போல, நோட்டீஸில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன் எண்ணும் பளிச்சென்று தெரிகிறது. அந்த ராத்திரி அந்த நொடியில் அவர் அங்கே இருந்தார் என்ற தகவல் இப்போது என் மேஜை டிராயரில் கிடக்கிறது.